வருமான வரம்பு 1,20,000: தறிக்காரர் குடும்பத்துக்குக் காப்பீட்டு அட்டை ஏன் கைக்கு எட்டுவதில்லை?

கவுண்டன்யக்கரை (குடியாத்தம்)

குடியாத்தத்தில் ஈ-சேவை மையம் வைத்திருக்கிறேன். வருமானச் சான்று, சாதிச் சான்று, வாரிசுச் சான்று இவற்றுக்கு விண்ணப்பம் பதிந்து கொடுப்பதுதான் பிழைப்பு. போன வாரம் வந்த ஒரு விண்ணப்பம் மனதை விட்டுப் போகவில்லை. அதனால்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

கணவர் கூலிக்கு லுங்கி நெய்கிறார். மனைவி வீட்டில் உட்கார்ந்து பீடி சுற்றுகிறார், வயது 41. அந்தம்மாவுக்குப் பித்தப்பையில் கல். வலி வந்தால் இரவெல்லாம் சுருண்டு கிடக்கிறாராம். இங்கே ஒரு தனியார் மருத்துவமனையில் "முதல்வர் காப்பீட்டு அட்டை இருந்தால் எடுத்துவிடலாம், இல்லையென்றால் அறுபதாயிரம் கட்டுங்கள்" என்று சொல்லியிருக்கிறார்கள். அட்டை எடுக்க வருமானச் சான்று வேண்டுமே, அதற்காக என்னிடம் வந்தார்கள்.

விசாரணையில் உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டார்கள். அவருக்கு நாள் கூலி 400, மாதம் 25 நாள் தறி ஓடும். அந்தம்மாவுக்குப் பீடியில் நாளுக்கு 120. கூட்டிப் பெருக்கினால் ஆண்டுக்கு 1,56,000. சான்றும் அப்படியே வந்தது. வரம்பு 1,20,000 என்பதால் அட்டை இல்லை.

400 ரூபாயை 25 நாளால் பெருக்கி, அதை 12 மாதத்தால் பெருக்கிப் பாருங்கள். சரியாக 1,20,000 வருகிறது. ஒரே ஆளின் தறிக்கூலியிலேயே வரம்பு தீர்ந்துபோகிறது. பெண்சாதியும் ஒரு வேலை செய்தால் அந்தக் குடும்பம் "வசதியானது" ஆகிவிடுகிறது. முன்பு இந்த வரம்பு 72,000 ஆக இருந்தது, 2022 இல் 1,20,000 ஆக்கினார்கள். அது நல்ல காரியம். ஆனால் அதற்குப் பிறகு அரிசி, வாடகை, நூல் விலை எதுவும் அங்கேயே நிற்கவில்லை.

என் கடையில் நின்று அந்தம்மா கேட்டார்: "நாங்க பொய் சொல்லியிருக்கணுமா தம்பி?" எனக்குப் பதில் வரவில்லை.

விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இவர்களுக்கு வேறு வழி இருக்கிறதா? அப்புறம், இந்த வரம்பை ஏற்றினால் அரசுக்கு உண்மையிலேயே எவ்வளவு செலவாகும்?

அணைக்கட்டு_நர்ஸம்மா

தம்பி, முதலில் வழியைச் சொல்லிவிடுகிறேன். கிராம சுகாதார செவிலியராக 31 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான்.

ஒன்று, அட்டை இல்லாவிட்டாலும் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் அந்த ஆபரேஷனுக்குப் பணம் கேட்க மாட்டார்கள். ஓ.பி. சீட்டு போட்டு அறுவைச் சிகிச்சைப் பிரிவில் காட்டச் சொல்லுங்கள். ஸ்கேன் எடுத்த படம் கையில் இருந்தால் கொண்டுபோகட்டும்.

இன்னொன்று, ரேஷன் கார்டு எண்ணை வைத்து 2011 சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்புப் பட்டியலில் அவர்கள் பெயர் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். சத்துவாச்சாரியில் கலெக்டர் ஆபீஸில் காப்பீட்டு மையம் இருக்கிறது. 2018 செப்டம்பரில் மத்திய அரசின் திட்டத்தோடு நம் திட்டத்தை இணைத்தபோது அந்தப் பட்டியலில் இருந்த குடும்பங்களை அப்படியே சேர்த்துக்கொண்டார்கள். பெயர் இருந்தால் வருமானச் சான்றே தேவையில்லை. நிறையப் பேருக்கு இது தெரியாது. பட்டியலில் பெயர் இருக்கும்போதே சான்றுக்கு அலைகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

நேராகத் தனியாரிடம் ஏன் போனார்கள் என்று அவர்களைக் கேட்டீர்களா? கேளுங்கள். அந்தப் பதிலில்தான் பாதி விஷயம் இருக்கிறது.

கவுண்டன்யக்கரை

கேட்டேன் அம்மா. அடுக்கம்பாறைக்கு வேலூர் போய் இன்னொரு பஸ் மாற வேண்டும். அந்தம்மாவுக்கு டவுன் பஸ்ஸில் டிக்கெட் இல்லை, அது பெரிய உதவி. ஆனால் அவர் கூடப் போனால் அன்றைக்குத் தறி நிற்கும். முதல் நாள் சீட்டு, மறுநாள் ரத்தப் பரிசோதனை, பிறகு ஸ்கேன், பிறகு மயக்க மருந்து டாக்டரிடம் ஒப்புதல், இப்படி நாலைந்து தடவை போக வேண்டியிருக்கும் என்று பக்கத்து வீட்டில் சொல்லியிருக்கிறார்கள். இங்கேயென்றால் ஒரே நாளில் முடியும் என்று நினைத்திருக்கிறார்.

பட்டியலையும் பார்த்துவிட்டோம். பெயர் இல்லை. 2011 இல் இருவரும் பெங்களூரில் கட்டட வேலைக்குப் போயிருந்தார்களாம்.

கருவூலம்58 (காட்பாடி)

செலவு எவ்வளவு ஆகும் என்ற கேள்விக்கு வருகிறேன். கணக்குத் துறையில் இருந்தவன், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

2025-26 நிதிநிலை அறிக்கையில் மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு ஒதுக்கியது 21,906 கோடி ரூபாய். 2022-23 இல் இது 17,901 கோடி. மூன்று வருடத்தில் 22 விழுக்காடு ஏறியிருக்கிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மாநிலத்தின் மொத்த வருவாய்ச் செலவு 3,73,204 கோடி. அதோடு ஒப்பிட்டால் சுகாதாரத்தின் பங்கு 6 விழுக்காட்டைத் தொடவில்லை. மாநிலங்கள் தங்கள் பட்ஜெட்டில் 8 விழுக்காட்டுக்கு மேல் சுகாதாரத்துக்குச் செலவிட வேண்டும், அதையும் 2020க்குள் எட்ட வேண்டும் என்றது 2017 தேசிய நலவாழ்வுக் கொள்கை. அதே கொள்கை, அந்தப் பணத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஆரம்ப சுகாதாரத்துக்குப் போக வேண்டும் என்றும் சொல்கிறது. இந்த இரண்டாவது வரியைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை.

தமிழ்நாட்டில் ஏறத்தாழ 7.7 கோடிப் பேர் என்று வைத்தால், 21,906 கோடி என்பது ஆளுக்கு ஆண்டுக்கு 2,800 ரூபாய்க்குச் சற்று மேல். ஒரு நாளைக்கு எட்டு ரூபாய்கூட இல்லை. மருத்துவக் கல்லூரி, மருந்து, சம்பளம், 108 வண்டி, காப்பீடு எல்லாமே அதற்குள் அடக்கம்.

அடுத்தது காப்பீடு. 2022-23 இல் முதல்வர் காப்பீட்டுத் திட்டத்துக்கு மட்டும் 1,547 கோடி ஒதுக்கினார்கள். 2022 ஒப்பந்தப்படி அரசு கட்டும் பிரீமியம் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 849 ரூபாய். வரம்பை ஏற்றி இன்னும் 20 லட்சம் குடும்பங்களைச் சேர்ப்பதாக வைத்துக்கொள்வோம். இது என் கற்பனை எண், கணக்குக்காகத்தான். 20 லட்சம் பெருக்கல் 849 என்றால் 170 கோடிக்குச் சற்றுக் குறைவு. மொத்த ஒதுக்கீட்டில் 0.8 விழுக்காடுகூட இல்லை. பெரிய அறுவைகளுக்கு பிரீமியத்துக்கு மேலும் அரசு கையிலிருந்து போடும், அது தனி. மத்திய அரசின் 60 விழுக்காட்டுப் பங்கும் 2011 பட்டியல் குடும்பங்களுக்கு மட்டும்தான் வரும், புதிதாகச் சேருகிறவர்களின் முழுச் செலவும் மாநிலத்தின் தலையில். அதையெல்லாம் சேர்த்தாலும் இது தாங்க முடியாத தொகை என்று நான் சொல்ல மாட்டேன்.

சேண்பாக்கத்தான்

ஐயா, உங்கள் கணக்கை மதிக்கிறேன். ஆனால் அதே பட்ஜெட்டில் வருவாய்ப் பற்றாக்குறை 41,635 கோடி. கடன் வாங்கித்தான் சம்பளமும் வட்டியும் கொடுக்கிறோம். 170 கோடி சின்னது, அடுத்த கோரிக்கை 200 கோடி, அதுவும் சின்னது. எல்லாச் சின்னதையும் கூட்டினால் என்ன ஆகும்? எனக்கு ஏழைகள் மேல் கோபமில்லை. நானே மளிகைக் கடை வைத்திருக்கிறேன், எனக்கும் அட்டை இல்லை. ஆனால் வரம்பு என்று ஒன்று இருந்தால்தான் உண்மையில் இல்லாதவர்களுக்குப் போய்ச் சேரும்.

கருவூலம்58

நியாயமான கேள்வி. ஆனால் இப்போதைய வரம்பு இல்லாதவரைப் பொறுக்கி எடுக்கவில்லை. மாதச் சம்பளத்துக்கு ரசீது இருப்பவரும், உண்மையைச் சொல்பவரும்தான் திட்டத்துக்கு வெளியே விழுகிறார்கள். கூலிக்காரர் வருமானத்தை எந்த அலுவலரும் சரியாக அளக்க முடியாது, அளப்பதற்கு எதுவும் இல்லை. அளக்க முடியாத ஒன்றை வைத்துக் கோடு போட்டால், அந்தக் கோடு வாயைப் பொறுத்ததாகிவிடும்.

நம் மாவட்டத்திலேயே வேறு மாதிரியும் நடக்கிறது. அப்துல்லாபுரம் போன்ற இலங்கைத் தமிழர் முகாம்களில் இருப்பவர்களுக்கு இந்தத் திட்டத்தில் வருமான வரம்பே கிடையாது. நிலைமையைப் பார்த்துச் சேர்த்தார்கள், யாரும் தப்பு சொல்லவில்லை. வீட்டில் பீடி சுற்றுகிறவர், கூலித் தறி ஓட்டுகிறவர், வீட்டில் ஷூ தைக்கிறவர் என்று தொழிலைப் பார்த்துச் சேர்க்கலாமே.

பேரணாம்பட்டு_தையல்

வீட்டில் ஷூ தைக்கிறவர் என்று எழுதியதைப் பார்த்ததும் பதிவு போடுகிறேன். நான் அதுதான் செய்கிறேன். ஷூவின் மேல்பகுதியை ஏஜென்ட் மூட்டையாகக் கொண்டுவந்து போடுவார், தைத்து ஜோடிக் கணக்கில் கொடுப்போம். எங்கள் தெருவில் பத்துப் பதினைந்து வீட்டில் இதே வேலைதான்.

என் தம்பி ஆம்பூரில் கம்பெனிக்குள் வேலை செய்கிறான். அவனுக்கு இ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் அரசுக் காப்பீடு உண்டு. அவன் சம்பளத்தில் 0.75 விழுக்காடு பிடிக்கிறார்கள், கம்பெனி 3.25 போடுகிறது. அவனுக்கு உடம்பு சரியில்லை என்றால் மருந்து, லீவுக்கான பணம் எல்லாம் கிடைக்கும். ஓ.பி.யில் காட்டினாலும் மருந்து கொடுப்பார்கள். அதே ஷூவைத்தான் நானும் தைக்கிறேன். எனக்கு இ.எஸ்.ஐ. இல்லை, ஏனென்றால் நான் எந்தக் கம்பெனியின் பேரேட்டிலும் இல்லை. என் வீட்டுக்காரர் ஆட்டோ ஓட்டுகிறார், இருவர் வருமானம் சேர்ந்தால் மாதம் பத்தாயிரத்தைத் தாண்டிவிடும். அதனால் முதல்வர் அட்டையும் இல்லை.

இ.எஸ்.ஐ.க்கு வரம்பு மாதம் 21,000. முதல்வர் அட்டைக்கு வரம்பு மாதம் 10,000. இந்த இரண்டுக்கும் நடுவில் பேரேடு இல்லாத வேலை செய்கிற எங்களை மாதிரி ஆட்களுக்கு என்ன இருக்கிறது? கர்ப்பமாக இருந்தபோது முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் பணம் வந்தது, நர்ஸம்மா வீடு தேடி வந்தார்கள். குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் பரிசோதனை நடக்கிறது. பிள்ளை பெற்று முடித்த பிறகு, கிழவியாகும் வரைக்கும் என் உடம்பு யார் கணக்கிலும் இல்லை.

கருவூலம்58

அம்மா, நீங்கள் எழுதியதில் பேரேடு என்ற சொல் சரியான சொல். பீடிக்காரர்களுக்கு முன்பு மத்திய அரசில் தனி நல நிதியே இருந்தது, 1976 சட்டப்படி. பீடி மீது ஒரு தீர்வை வாங்கி, அதிலிருந்து மருந்தகம், பிள்ளைகளுக்கு உதவித்தொகை என்று செய்தார்கள். 2017 இல் ஜி.எஸ்.டி. வந்தபோது அந்தத் தீர்வையை எடுத்துவிட்டார்கள். தொழிலிலிருந்தே தொழிலாளிக்கு என்று வந்த தனி ஊற்று நின்று, இப்போது பொது பட்ஜெட்டில் மற்றவற்றோடு போட்டியிட வேண்டியிருக்கிறது. குடியாத்தம், பேரணாம்பட்டு பக்கம் இதன் பாதிப்பு அதிகம்.

டெக்சாஸ்_சத்துவாச்சாரி

வணக்கம். வேலூரில் நர்சிங் படித்துவிட்டு இப்போது டெக்சாஸில் வேலை செய்கிறேன். அம்மா அப்பா சத்துவாச்சாரியில்தான் இருக்கிறார்கள். பேரணாம்பட்டு அக்கா எழுதிய கடைசி வரி இங்கே நான் தினமும் பார்ப்பது.

இங்கே ஏழைகளுக்கான மெடிக்கெய்டு என்ற திட்டம் 1965 முதல் இருக்கிறது. மத்திய அரசும் மாநிலமும் சேர்ந்து பணம் போடுகின்றன. ஆனால் முன்பு அது பெரும்பாலும் குழந்தை, கர்ப்பிணி, மாற்றுத்திறனாளி, முதியவர் இவர்களுக்குத்தான். உழைக்கிற வயதில் இருக்கும் ஏழைப் பெரியவருக்குப் பெரும்பாலும் இடமில்லாமல் இருந்தது. 2010 இல் ஒபாமா கொண்டுவந்த சட்டம், வறுமைக்கோட்டின் 138 விழுக்காடு வரை வருமானம் உள்ள எல்லாப் பெரியவர்களையும் சேர்க்கச் சொன்னது. 2012 இல் உச்ச நீதிமன்றம், மாநிலங்களைக் கட்டாயப்படுத்த முடியாது, விரும்பினால் சேரலாம் என்று தீர்ப்பளித்தது. செலவில் 90 விழுக்காட்டை மத்திய அரசே ஏற்கிறது, மாநிலம் 10 போட்டால் போதும். அப்படியும் டெக்சாஸ், ஃபுளோரிடா உட்பட பத்து மாநிலங்கள் இன்னும் சேரவில்லை. டெக்சாஸில் குழந்தையில்லாத, ஊனமில்லாத ஒருவர் எவ்வளவு ஏழையாக இருந்தாலும் மெடிக்கெய்டு கிடையாது. வார்டில் என் கையைப் பிடித்துக்கொண்டு "பில் எவ்வளவு வரும்" என்று கேட்பவர்கள் ஹோட்டலில் பாத்திரம் கழுவுகிறவர்கள், கூரை போடுகிறவர்கள்.

ஒரு ஆய்வைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2008 இல் ஓரிகன் மாநிலத்தில் பத்தாயிரம் இடம்தான் இருந்தது, 90,000 பேர் பதிவு செய்தார்கள். அதனால் குலுக்கல் போட்டார்கள். குலுக்கலில் கிடைத்தவர்களையும் கிடைக்காதவர்களையும் ஆய்வாளர்கள் இரண்டு வருடம் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். கிடைத்தவர்களுக்குக் குடும்பத்தையே கவிழ்க்கும் மருத்துவச் செலவு ஏறக்குறைய இல்லாமல் போனது. மனச்சோர்வும் குறைந்தது. சர்க்கரை இருப்பது புதிதாகக் கண்டறியப்பட்டவர்கள், மருந்து எடுப்பவர்கள் அதிகமானார்கள். ஆனால் ரத்த அழுத்தத்திலும் சர்க்கரை அளவிலும் உறுதியாகச் சொல்லும்படியான மாற்றம் அந்த இரண்டு வருடத்தில் தெரியவில்லை.

இதைப் படித்துவிட்டு இங்கே சிலர் காப்பீடே வீண் என்றார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அட்டை கடனிலிருந்து காப்பாற்றுகிறது. சர்க்கரையைக் குறைக்க, மாதாமாதம் கூப்பிட்டுப் பார்க்கிற ஒரு ஆள் வேண்டும். இரண்டும் வேறு வேறு வேலை.

அணைக்கட்டு_நர்ஸம்மா

நீ நல்லா இருக்கணும் கண்ணு. அந்த ஆள் வேலையைத்தான் நாங்கள் பார்த்தோம்.

பீஞ்சமந்தை, ஜார்தான்கொல்லைப் பக்கம் மலையில் ஏறிப் போய் தடுப்பூசி போட்டவள் நான். 2023 மே மாதம் அல்லேரி மலையில் பாம்பு கடித்த ஒன்றரை வயதுக் குழந்தையைத் தாய் தூக்கிக்கொண்டு நடந்த செய்தியை எல்லோரும் படித்திருப்பீர்கள். சாலை இல்லாத ஊரில் ஐந்து லட்சம் ரூபாய் அட்டையை வைத்து என்ன செய்வது? சாலை, துணை சுகாதார நிலையத்தில் ஆள், விஷமுறிவு மருந்து, அதற்குப் பிறகுதான் அட்டை.

2017 இல் நம் மாநிலத்திலேயே இதைச் செய்து பார்த்தார்கள். சூளகிரி, விராலிமலை, வேப்பூர் என்று மூன்று வட்டாரங்களில் துணை சுகாதார நிலையத்தைப் பலப்படுத்தி, கூடுதல் செவிலியர் போட்டு, மருந்தும் பரிசோதனையும் அங்கேயே கிடைக்கும்படி செய்தார்கள். மக்கள் துணை நிலையத்துக்கு வர ஆரம்பித்தார்கள், கைக்காசுச் செலவு குறைந்தது. யாருடைய வருமானத்தையும் அங்கே கேட்கவில்லை. கதவு திறந்திருந்தது, உள்ளே நர்ஸ் இருந்தாள், மாத்திரை இருந்தது.

சேண்பாக்கத்தான்

அம்மா, இது எனக்குப் புரிகிறது. வரம்பு இல்லாமலே சேவை கொடுக்க முடியும் என்றால், கணக்கெடுப்பு, சான்று, அட்டை என்று செலவழிக்கத் தேவையில்லை. அப்படியானால் அட்டையை விரிவாக்குவதைவிட இதில்தானே பணம் போட வேண்டும்?

அணைக்கட்டு_நர்ஸம்மா

ஒன்றை விட்டு ஒன்று இல்லை தம்பி. மூளையில் கட்டி என்று வந்தால் துணை சுகாதார நிலையத்தில் என்ன செய்வேன்? அதற்கு அட்டை வேண்டும். ஆனால் அடுத்து வரும் ஒரு ரூபாயை முதலில் எங்கே போடுவது என்று கேட்டால், நான் ஊர்ப்பக்கத்தைத்தான் காட்டுவேன்.

கவுண்டன்யக்கரை

என் வீட்டுக் கதையைச் சொல்லாமல் இருக்கலாம் என்று நினைத்தேன். நர்ஸம்மா எழுதியதைப் படித்ததும் எழுதத் தோன்றுகிறது.

என் சித்தப்பாவும் தறிக்காரர். அவரிடம் அட்டை இருந்தது, பழைய 72,000 வரம்புக் காலத்திலேயே எடுத்தது. சர்க்கரை வந்து ஏழு வருடம் ஆகியும் மாத்திரையை ஒழுங்காக எடுத்ததில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம்தான், ஆனால் காலையில் போய் வரிசையில் நின்று வந்தால் பாதி நாள் கூலி போகும். அதனால் கடையில் ஐந்து நாளுக்கு மாத்திரை வாங்குவார், தீர்ந்ததும் கையில் காசு இருந்தால் மறுபடி வாங்குவார். மக்களைத் தேடி மருத்துவத்தில் வருகிற அக்கா வீட்டுக்கு வரும் நேரம் இவர் தறிக் கொட்டகையில் இருப்பார்.

காலில் புண் வந்தது. ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போனோம். "பெட்டில் சேர்த்த பிறகு ஆகும் செலவுக்குத்தான் அட்டை, அதற்கு முன்னால் எடுக்கும் டெஸ்ட்டுக்கு நீங்கள்தான் கட்ட வேண்டும்" என்றார்கள். ரத்தக் குழாய் ஸ்கேன், மற்ற பரிசோதனைகள், கட்டுப் போட்டது எல்லாம் சேர்ந்து 38,000 ரூபாய். சித்தியின் தாலிச் சரடு அடகுக் கடைக்குப் போனது. கடைசியில் இரண்டு விரலை எடுத்தார்கள், அதற்கு மட்டும் அட்டை உதவியது. தறிமிதியில் கால் வைக்க வேண்டிய மனுஷன். நாலு மாதம் வீட்டிலேயே இருந்தார்.

விரலை எடுக்க ஆன செலவை அரசு கட்டியது. அதே பணத்தில் எத்தனை வருடத்துக்கு அவருக்கு மாத்திரை கொடுத்திருக்கலாம், புண் வருவதற்கு முன்னால் காலைத் தொட்டுப் பார்க்க ஒரு ஆளை வைத்திருக்கலாம் என்று யோசித்து எனக்குத் தூக்கம் வரவில்லை. இப்போது "பாதம் பாதுகாப்போம்" என்று ஒரு திட்டம் வந்திருக்கிறது என்றார்கள். வரட்டும், நல்லது. ஆனால் அது தறிக் கொட்டகைக்கு, சாயங்காலத்தில் வர வேண்டும்.

பேரணாம்பட்டு_தையல்

சாயங்காலம் என்பது ரொம்ப முக்கியம் அண்ணா. எங்களுக்கும் காலையில்தான் ஏஜென்ட் வண்டி வரும்.

கருவூலம்58

சாயங்கால ஓ.பி. புதிய யோசனை இல்லை, நகரங்களில் ஏற்கெனவே இருக்கிறது. 2023 ஜூனில் 500 நகர்ப்புற நலவாழ்வு மையங்களைத் திறந்தார்கள். காலை 8 முதல் 12, மாலை 4 முதல் 8 என்றுதான் அவற்றின் நேரம். ஒரு டாக்டர், ஒரு நர்ஸ், ஒரு சுகாதார ஆய்வாளர், ஒரு உதவியாளர். குடியாத்தம், பேரணாம்பட்டு மாதிரி வீட்டுத் தொழில் ஊர்களில் அதே நேரத்தைக் கிராமத்துப் பக்கமும் வைக்கலாம். தொழிற்சாலைகளுக்குப் போய்ப் பரிசோதிக்கிற "தொழிலாளரைத் தேடி மருத்துவம்" 2024 ஜனவரியில் தொடங்கியது. வாசலில் காவலாளி நிற்கிற கம்பெனியைத் தேடிப் போவது சுலபம். பத்துத் தறி இருக்கும் ஒரு தெருவையும் பணியிடமாகக் கணக்கில் எடுத்தால் அதே திட்டம் அங்கேயும் போகும். புதுச் சட்டம் தேவையில்லை, ஓர் அரசாணை போதும்.

மருந்து வாங்குவதில் நாம் முன்னோடி. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994 இல் தொடங்கியது, மொத்தமாக வாங்கி மாவட்டக் கிடங்குகளில் வைத்து விநியோகிக்கிற முறையைப் பிறகு பல மாநிலங்கள் எடுத்துக்கொண்டன. மாத்திரையின் விலை நமக்குப் பெரிய பிரச்சினை இல்லை. அந்த மாத்திரை ஒரு நெசவாளியின் கைக்கு அவர் கூலியை இழக்காமல் போய்ச் சேருவதற்கு ஆகும் ஆள் செலவைத்தான் பட்ஜெட்டில் வைக்க வேண்டும்.

டெக்சாஸ்_சத்துவாச்சாரி

நாடு முழுவதும் பார்த்தாலும் இதேதான். தேசிய சுகாதாரக் கணக்கின்படி 2013-14 இல் இந்தியாவின் மொத்தச் சுகாதாரச் செலவில் 64.2 விழுக்காடு மக்கள் கையிலிருந்து போனது. 2021-22 இல் அது 39.4 ஆகக் குறைந்திருக்கிறது. பெரிய இறக்கம்தான். ஆனாலும் நூற்றில் நாற்பது ரூபாய் இன்னும் மடியிலிருந்து அவிழ்த்துக் கொடுப்பது. கவுண்டன்யக்கரை அண்ணா சொன்ன 38,000 அந்த நாற்பதில் இருக்கிறது.

அந்தம்மா இப்போது எப்படி இருக்கிறார்?

கவுண்டன்யக்கரை

அதைச் சொல்லத்தான் வந்தேன். நர்ஸம்மா சொன்னபடி அடுக்கம்பாறைக்குப் போனார்கள். முதல் நாள் நானும் கூடப் போனேன், கடையைத் தம்பி பார்த்துக்கொண்டான். அறுவைச் சிகிச்சைப் பிரிவில் இருந்த டாக்டர் பொறுமையாகப் பார்த்தார். ஸ்கேனும் அங்கேயே எடுத்தார்கள். ஒரு ரூபாய் வாங்கவில்லை.

ஆனால் ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை 312 என்று வந்தது. அந்தம்மாவுக்குச் சர்க்கரை இருப்பதே தெரியாது. கட்டுக்குள் வந்த பிறகுதான் மயக்க மருந்து கொடுக்க முடியும் என்று சொல்லி ஆபரேஷனைத் தள்ளி வைத்திருக்கிறார்கள்.

அணைக்கட்டு_நர்ஸம்மா

30 வயது தாண்டிய எல்லோருக்கும் பார்க்கிற பரிசோதனை ஆயிற்றே. இவரை யாரும் பார்க்கவில்லையா?

கவுண்டன்யக்கரை

பார்த்திருக்கிறார்கள் அம்மா. இரண்டு வருடத்துக்கு முன்னால் தெருவில் விரலில் குத்திப் பார்த்துவிட்டு, மறுநாள் வெறும் வயிற்றில் வரச் சொன்னார்களாம். காலையில்தான் சுற்றிய பீடியைக் கடையில் ஒப்படைக்க வேண்டும். நேரம் தவறினால் அடுத்த நாளுக்கு இலை கிடைக்காது. போகவில்லை. அதற்குப் பிறகு வீடு மாறிவிட்டார்கள், பழைய தெருக் கணக்கில் பெயர் நின்றுவிட்டது.

சேண்பாக்கத்தான்

இதற்கு மேல் 170 கோடி பற்றி நான் பேசப் போவதில்லை. வேலூருக்கு வரும் நாட்களில் அவர்கள் தங்க இடம் வேண்டுமென்றால் சொல்லுங்கள். சேண்பாக்கத்தில் என் வீட்டு மாடியில் ஓர் அறை காலியாக இருக்கிறது. டவுனில் பென்ட்லேண்ட் மருத்துவமனைக்குப் புதுக் கட்டடம் 2025 ஜூனில் திறந்திருக்கிறார்கள். அந்தம்மாவின் சர்க்கரைக்கு அங்கேயும் காட்டலாமா என்று விசாரித்துச் சொல்கிறேன், அங்கே பார்த்தால் ஒரு பஸ் மிச்சம்.

அணைக்கட்டு_நர்ஸம்மா

தம்பி, இப்போது இருக்கும் தெருப் பெயர், வார்டு எண் இரண்டையும் எனக்குத் தனிச் செய்தியில் அனுப்பு. அந்தப் பகுதி நர்ஸ் என்னிடம் பயிற்சி எடுத்த பெண்தான். இன்றைக்கே பேசி அந்தம்மாவின் பெயரைப் புதுத் தெருக் கணக்கில் ஏற்றச் சொல்கிறேன். பீடி ஒப்படைக்கிற நேரத்தையும் கேட்டுச் சொல், அதற்குப் பிறகு வீட்டுக்குப் போகச் சொல்லலாம்.

கவுண்டன்யக்கரை

அனுப்பிவிட்டேன் அம்மா. ஒன்பதரை மணிக்குள் ஒப்படைத்துவிடுவாராம். பத்து மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பார்.